அம்மா சொன்ன போர்க்கதை

சென்ற மாதம் என் மகன் கைப்பேசியில் எதையோ தேடப்போய் அந்த நாடகம் அகப்பட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டில்லியிலிருந்து ஹிந்தியில் வந்த ராணுவ நாடகம். யாரோ ஒரு புண்ணியவான் மொத்தத்தையும் ஏற்றி, கீழே இங்கிலீஷில் எழுத்தும் ஓடவிட்டிருந்தார். ஆசை ஆசையாக உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மீசைக்கார மேஜருக்கும் ஒல்லியான கேப்டனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லையாம்!

"மேஜர் அவனுக்குத் தாய்மாமன்டா" என்று மகனிடம் சொன்னேன்.

"யாரும்மா சொன்னா?"

"எங்கம்மா சொன்னாங்க."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அவனுக்கு என்ன தெரியும்? அந்த நாடகத்தை எடுத்தவர்களுக்கே தெரியாதபோது இவனுக்கு எப்படித் தெரியும்.

எங்கள் வீடு திண்டுக்கல் நாகல் நகரில் வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா வெங்காயப் பேட்டையில் தரகர். ஒரு வருஷம் சின்ன வெங்காயம் ஏறு ஏறு என்று ஏறியது. அந்த ஏற்றத்தில் வந்து இறங்கியதுதான் எங்கள் டி.வி. கறுப்பு வெள்ளை. இழுத்து மூடும் மரக்கதவு வைத்தது. கொடைக்கானல் மலை இருக்கும் திசைக்கு ஆன்டெனாவைத் திருப்பிவிட்டால் படம் பளிச்சென்று தெரியும். தெருவில் அப்போது வேறு டி.வி. கிடையாது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது.

அத்தனை பேரில் ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அவள் சேவுகம்பட்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் அம்மாவுக்கு ஒரு குணம். வீடு தேடி வந்தவர்கள் கேட்டதை இல்லை என்று சொல்லி அனுப்ப அவளால் முடியாது. தண்ணீர் கேட்டால் மோர் கொடுப்பாள். டி.வி. பார்க்க வந்தவர்களும் வீடு தேடி வந்தவர்கள்தானே. முதல் வாரமே திரையில் மேஜர் கேப்டனைப் பார்த்துக் கத்தோ கத்தென்று கத்தினார். "என்னக்கா சொல்றாரு?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நேத்துப் பொழுதடஞ்சு எங்கடா போனேங்கிறாரு. இவென் முழிக்கிறான் பாருங்க, திருட்டு முழி."

கேப்டன் உண்மையிலேயே முழித்தான். கூட்டம் "அதானே" என்றது. அத்தோடு அம்மாவுக்கு அந்த வேலை நிரந்தரமாகிவிட்டது.

திட்டி முடித்த மேஜர் கடைசியில் கேப்டனின் தோளில் கை போட்டார். அம்மா அதையும் விடவில்லை. "இம்புட்டும் வைதுபுட்டுத் தோள்ல கை போடுறாரே, தாய்மாமனத் தவிர வேற யாரு செய்வா?" என்று கேட்டாள். மறுத்துப் பேச ஆளில்லை. எங்கள் தெருவில் எல்லோருக்கும் அப்படி ஒரு தாய்மாமன் இருந்தார். அன்றிலிருந்து அவர் மேஜர் மாமா.

அடுத்து எதிரிகள் வந்தார்கள். "இவுக யாருக்கா?" என்று கேட்டபோது அம்மா நிதானமாகச் சொன்னாள்: "எல்லாம் ஒரு வீட்டுப் பங்காளிகதான். பாகம் பிரிச்சப்பக் கல்லு நட்டதுல தகராறு. வரப்ப வெட்டி வெட்டி உள்ள வாராக." அம்மாவின் ஊரில் ஒரு முழ வரப்புக்காக அண்ணன் தம்பி மூன்று தலைமுறை பேசாமல் இருந்த கதையெல்லாம் உண்டு. அதைத்தான் அவள் எல்லையில் கொண்டுபோய் வைத்தாள். இப்போது யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பெரிய தப்பு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கூட்டத்தில் கதவு ஓரமாக, மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள் பட்டாளத்துச் சித்தி. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். பனி கொட்டுகிற ஏதோ ஓர் எல்லையில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மற்றவர்கள் எல்லோரும் நாடகம் பார்க்க வந்தார்கள். சித்தி மட்டும் சித்தப்பா இருக்கும் இடத்தைப் பார்க்க வந்தாள். திரையில் பனி தெரிந்தால் குழந்தையின் முகத்தைத் திருப்பி, "அந்தா, அப்பா ஊரு" என்று காட்டுவாள். அவள் கேட்பதெல்லாம் சின்னக் கேள்விகள்.

"அக்கா, அங்க நேரத்துக்குச் சோறு வருமா?"

"வராம? அந்தா வருது பாரு லாரி. சோத்து லாரி அதுதான்."

அதன் பிறகு அந்த நாடகத்தில் எந்த லாரி வந்தாலும் அது சோற்று லாரிதான். ஒரு வாரம் எதிரிகள் குண்டு போட்டு லாரி ஒன்று படபடவென்று வெடித்துச் சிதறியது. துப்பாக்கித் தோட்டா ஏற்றி வந்த லாரி என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரே ஓலம். "அம்புட்டுச் சோறும் போச்சே! பாவி மட்டைக, பச்சப் புள்ளைக பட்டினி கெடக்குமே!" என்று எதிர்வீட்டு அத்தை மண்ணை வாரித் தூற்றாத குறை. எதிரிகள்மேல் எங்களுக்கு நிஜமான வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான். அதுவரை பங்காளிகள் என்று கொஞ்சம் மரியாதை வைத்திருந்தோம்.

நாடகம் தொடங்கி ஆறேழு வாரம் இருக்கும். ஒரு சிப்பாய் குண்டடிபட்டு விழுந்தான். பழைய பேப்பர் கடையிலிருந்து யுத்தச் சித்திரக்கதைகளாக வாங்கி வந்து கரைத்துக் குடித்தவன் என் தம்பி. அந்தப் புத்தகங்களில் பக்கத்துக்கு நாலு பேர் "ஆ!" என்று வாய் பிளந்து சாவார்கள். அந்தப் படிப்பில், "அவென் செத்துட்டான்" என்று சத்தமாகச் சொன்னான். அம்மாவின் கை பின்னால் போய் அவன் தொடையைத் தேடிப் பிடித்துத் திருகியது. "செத்த நேரம் மயக்கம்ப்பா. தண்ணி தெளிச்சா எந்திரிச்சுருவான்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. எந்திரிக்கவில்லை. அடுத்த காட்சி வந்துவிட்டது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ட்டாக" என்று முடித்துவிட்டாள்.

நாடகம் முடிந்து எல்லோரும் போனதும் எங்கள் இரண்டு பேரையும் அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏலே, சித்தி இருக்கும்போது அதுல யாரும் சாகக் கூடாது. வெளங்குதா?"

"அவனே செத்தா நம்ம என்னம்மா செய்ய?" என்று தம்பி தொடையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"அதெ நான் பாத்துக்கிடுறேன். நீ வாய மூடிக்கிட்டு இரு."

அப்படித்தான் எங்கள் தெருவில் மட்டும் அந்தப் போர் ஒரு சாவுகூட இல்லாமல் நடந்தது. எத்தனை குண்டு வெடித்தாலும் எல்லோரும் மயக்கம் போட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெற்றவர்களைப் பார்க்க ஊருக்குப் போனார்கள். அம்மாவின் கணக்கில் அந்த ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்திருக்க வேண்டும். சித்தி எல்லாவற்றையும் நம்பினாளா என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாரமும் நாடகம் முடிந்து எழுந்து போகும்போது அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். அதைப் பார்த்தபிறகுதான் அம்மா காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைப்பாள்.

எங்கள் விளையாட்டுக்கும் இதே சட்டம் வந்துவிட்டது. மாசித் திருவிழாக் கடையில் வாங்கிய பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் ஒரு பொட்டலம் எங்களிடம் இருந்தது. விரல் உயரம். ஒருவன் முட்டி போட்டுச் சுடுவான், ஒருவன் குப்புறப் படுத்துச் சுடுவான், ஒருவன் காதில் போன் வைத்திருப்பான். அந்தப் போன்காரனைச் சோறு சொல்லி அனுப்புகிறவனாக வைத்திருந்தோம். இடுப்பில் கை வைத்து நிற்பவன் மேஜர் மாமா. தளபதி நான்தான். தம்பிக்கு அதில் வருத்தம் உண்டு, இருந்தாலும் பொட்டலம் என் உண்டியல் காசில் வாங்கியது. கோலிக்குண்டால் அடித்து விழுந்த சிப்பாய்களைத் தீப்பெட்டிக் கட்டிலில் படுக்க வைத்துத் தண்ணீர் தெளிப்போம். உடனே பிழைத்துக்கொள்வார்கள்.

பொட்டல் காட்டில் ஓடிப் பிடித்துச் சண்டை போடும்போதும் அப்படியே. மட்டைத் துப்பாக்கியால் சுடுவதற்கு முன்னால் "சாப்டியா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் சுடக் கூடாது. சுட்டால் மயங்கி விழ வேண்டும். யாராவது முகத்தில் தண்ணீர் தெளிக்கிற மாதிரிக் கையை உதறினால் எழுந்து மறுபடி ஓடலாம். இந்தச் சட்டம் தெரியாமல் அடுத்த தெருப் பையன்கள் ஒருநாள் எங்களோடு போருக்கு வந்தார்கள். சினிமா பார்த்துப் பழகிய கூட்டம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கம் வசனம் பேசி, தேசத்தைக் கும்பிட்டு, அதன் பிறகுதான் சாவார்கள். நாங்களோ சுடச்சுட எழுந்து வந்தோம். அவர்களில் பெரியவனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"ஏலே, சுட்டாச் சாகணும்லே! என்னங்கலே இது?"

"எங்க தெருவுல சாக மாட்டம்லே" என்றான் தம்பி.

பொழுது சாய்ந்தும் போர் முடியவில்லை. கடைசியில் அவர்கள் வெறுத்துப்போய் வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டோம்.

இப்படியே நாடகம் கடைசி வாரத்துக்கு வந்தது. அந்த வாரம் பார்த்துச் சித்தப்பாவும் லீவில் வந்து இறங்கினார். தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. எங்களுக்கெல்லாம் கை கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்காயம் ஏற்ற வந்த வடநாட்டு லாரி ஒன்று வழி தவறி எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. டிரைவர் யாரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். சித்தப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் அவரிடம் பேசினார் பாருங்கள், தண்ணீர்பட்ட பாடாக ஹிந்தி! டிரைவர் சிரிக்கிறார், இவர் சிரிக்கிறார், இரண்டு பேரும் தோளில் தட்டிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று அம்மா அதைப் பார்த்தாள். அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

நாங்களும் அப்போதுதான் யோசித்தோம். இன்றைக்கு நாடகம் பார்க்கச் சித்தப்பாவும் வருவார். ஹிந்தி தெரிந்த மனிதர். மேஜர் மாமா இல்லை, சோற்று லாரி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் ஒருத்தனும் திரும்பப் போவதில்லை என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அம்மாவின் மானம் தெரு முழுக்கப் போய்விடும். அது போனால்கூடப் பரவாயில்லை. லீவு முடிந்து அவர் போனபிறகு சித்தி மிச்ச நாட்களை எப்படித் தள்ளுவாள்?

"டி.வி. ரிப்பேருன்னு சொல்லிரு" என்று அம்மா என் காதில் சொன்னாள். சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா போய் மரக்கதவைத் திறந்து பொத்தானைத் திருகிவிட்டார். "நல்லாத்தான இருக்கு" என்று எங்களிடமே திரும்பிச் சொன்னார். விவரம் தெரியாத மனிதர்.

கூட்டம் வந்தது. சித்தப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். சித்தி வழக்கமான கதவு ஓரத்தில். அம்மா வெஞ்சனம் வைக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டாள். நாடகம் தொடங்கியது. மேஜர் ஏதோ நீளமாகப் பேசினார். எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. "எங்க ஆளக் காணோம்?" என்று எதிர்வீட்டு அத்தை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்துவிட்டது.

"தம்பி, ஒங்களுக்குத்தான் தெரியுமே, நீங்க சொல்லுங்க. என்ன சொல்றாரு மாமன்?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

"எனக்கு அம்புட்டா ஹிந்தி வராதுக்கா. அங்க எல்லாம் சைகையிலயே ஓட்டிருவோம். நம்ம அக்காவே சொல்லட்டும்."

எட்டு வருஷமாகப் பட்டாளத்தில் இருப்பவர். அரை மணி நேரத்துக்கு முன்னால் தெருமுனையில் சிரித்துச் சிரித்துப் பேசியவர். அதைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் அந்த அறையிலேயே இருந்தார்கள். ஒருவரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. சித்தி முந்தின நாளே மொத்தக் கதையையும் அவரிடம் சொல்லியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுப்படி வாசலில் அம்மா வந்து நின்றாள்.

முதலில் தாழ்ந்த குரலில்தான் தொடங்கினாள். ஒவ்வொரு வரி சொன்னதும் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் ரொம்பப் பொறுப்பாக, பரீட்சைத் தாள் திருத்துகிறவர்போல, தலையை ஆட்டினார். அம்மாவுக்குத் தெம்பு வந்தது. குரல் ஏறியது. மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரு கல்யாணப் பேச்சையே அங்கே முடித்துவைத்தாள். அதற்குள் பங்காளிகள் வரப்பைத் தாண்டி வந்துவிட்டார்கள். கேப்டன் சுட்டான், ஓடினான், குண்டு பட்டது, பனியில் விழுந்தான்.

இந்தத் தடவை காட்சி மாறவில்லை. மேஜர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒரு பெட்டி. அதன்மேல் கொடி போர்த்தியிருந்தது. நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். இதற்கு ஹிந்தி தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. தம்பி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான். சித்தி குழந்தையை இறுக்கிய இறுக்கில் அது சிணுங்கியது. அம்மா மயக்கம் என்று சொல்லப் பார்த்தாள், சொல்லவில்லை.

"மாமன் லீவு குடுத்துட்டாரு" என்றாள். "ஊருக்கு வாரான். எம்புட்டு நாளாத் தூங்காம நின்ன புள்ள. அசந்து தூங்குறான். எழுப்ப மனசில்லாமத் தூக்கிட்டு வாராக."

எதிர்வீட்டு அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது நாற்காலியிலிருந்து சித்தப்பா கேட்டார்.

"ஊருக்கு எப்பக்கா வந்து சேருவான்?"

"விடிஞ்சதும் வந்துருவான் தம்பி. அவெங்கம்மா சோறாக்கி வச்சிருக்கா."

"என்ன வெஞ்சனம்?"

"சுண்டவத்தக் கொழம்பு. அப்பளம்."

"அம்புட்டுத்தானா? பட்டாளத்துல இருந்து வாரவனுக்குக் கறி எடுக்க மாட்டாகளா?"

சித்திதான் முதலில் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த அறை சிரித்த சிரிப்பில், பெட்டியை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. அந்தக் கடைசிக் காட்சியைச் சென்ற மாதம் கைப்பேசியில் பார்த்தபோதும் எனக்குக் காதில் விழுந்தது அந்தச் சிரிப்புதான். அவ்வளவு சந்தோஷமான ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிறகு அமையவில்லை என்றே சொல்வேன்.

லீவு முடிந்து சித்தப்பா கிளம்பிய அன்று ரயிலடிக்கு நாங்களும் போனோம். அம்மா இரண்டு பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தாள். பெரியது அவருக்கு, முறுக்கும் அதிரசமும். சின்னதைத் தனியாக நீட்டினாள்.

"இது ஒங்க மேஜருக்கு. அக்கா குடுத்துச்சுன்னு சொல்லுங்க."

அப்பா சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சித்தி கொஞ்சம் தள்ளி, குழந்தைக்குத் தண்டவாளத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள். ஒரு வருஷமாக எங்கள் எல்லோருக்கும் அந்த எல்லையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒன்றும் தெரியாத ஒருத்தியாக அவரிடம் கேட்டாள்.

"தம்பி, அங்க நெசமாவே நேரத்துக்குச் சோறு வருமா?"

"வரும்க்கா. நீங்க சொன்ன மாதிரியேதான் எல்லாம்" என்றார் சித்தப்பா.

அடுத்த வருஷ லீவில் வந்தபோது அவர் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். கையில் ஒரு பை. அதற்குள் கருஞ்சிவப்பில் ஒரு கம்பளிச் சால்வை. "மேஜர் குடுத்து விட்டாருக்கா. அதிரசம் அம்புட்டையும் அவரே தின்னுட்டாரு. என் அக்காவுக்கு நான் ஒண்ணும் செய்யலையேன்னு சொல்லி இதக் குடுத்தாரு" என்றார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். பிறந்த வீட்டுச் சீர் வந்த மாதிரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திண்டுக்கல் வெயிலில், சித்திரை மாதத்தில், அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு முழுக்கப் போய்க் காட்டிவிட்டு வியர்க்க விறுவிறுக்க வந்தாள்.

சித்தப்பா போனபிறகு அப்பா சால்வையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ராணுவக் கேன்டீன் சீட்டு ஒட்டியிருந்தது. சித்தப்பா லீவில் வரும்போதெல்லாம் எங்களுக்கு வாங்கி வரும் சோப்பில் இருக்கும் அதே கேன்டீன் சீட்டு.

"ஏம்மா, இது அந்தத் தம்பியே கேன்டீன்ல வாங்கி..." என்று தொடங்கினார்.

அம்மா அவர் கையிலிருந்து சால்வையை வாங்கினாள். சீட்டை நகத்தால் மெதுவாகக் கிள்ளி எடுத்துச் சுருட்டி அடுப்பில் போட்டாள்.

"மேஜரும் கேன்டீன்லதான வாங்கணும்? அந்தப் பனிக்காட்டுல வேற ஜவுளிக்கடையா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, சால்வையை மடித்துத் தன் கூறைப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தாள்.